‘எபிசென்டர்’ என்னும் சொல்: பிறப்பும் பொருளும்

பூகம்பச் செய்திகளில் ‘எபிசென்டர்’ என்ற சொல் தவறாது இடம் பெறுகிறது. தமிழில் இதனை ‘மேல்மையம்’ என்பர். மிகுந்த அழிவு நேர்ந்த இடமே மேல்மையம் எனப் பலர் கருதுகின்றனர். இக்கருத்து பொருந்தாது என்பதைச் சொல்லின் பிறப்பே காட்டும்.

இது கிரேக்க மொழிக் கூறுகள் இரண்டால் ஆனது. ‘எபி’ என்பதற்கு ‘மேலே’ என்று பொருள். ‘கென்ட்ரான்’ என்பது கூர்முனையையும், மாடு ஓட்டும் தாற்றுக்கோலையும் குறித்த சொல். கவராயத்தின் ஊன்றிய முனைக்கும் அது பெயராகி, அதன் வழியே வட்டத்தின் மையத்தைக் குறிக்கலாயிற்று. கிரேக்கச் சோதிடத்துடன் அச்சொல் வடமொழியிற் புகுந்தது. நாம் வழங்கும் ‘கேந்திரம்’ அதன் வழிவந்ததே.

எதற்கு மேலே உள்ள மையம் இது? நிலத்தினுள் பாறை முதன்முதல் முறிந்து நழுவத் தொடங்கும் இடம் ‘குவியம்’ எனப்படும். அதற்கு நேர் மேலே தரையில் அமைந்த புள்ளியே மேல்மையம். பல நிலையங்களுக்கு அதிர்வலைகள் வந்து சேர்ந்த நேரங்களைக் கொண்டு அது கணக்கிடப்படுகிறது. ஆனால், முறிவு தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. பெரும் பூகம்பங்களில் அது நூறு கிலோமீட்டருக்கு மேலும் பரவக்கூடும். அன்றியும், அழிவின் அளவு மண்ணின் தன்மையையும் கட்டடங்களின் உறுதியையும் பொறுத்தது.

1934 ஜனவரி 15ஆம் நாள் நேர்ந்த பீகார்–நேபாள பூகம்பம் இதற்குத் தக்க சான்று. பீகாரின் சீதாமடி, மதுபனி வட்டாரங்களில் நீர் ஊறிய வண்டல் மண் அதிர்ச்சியால் குழம்புபோல் இளகிற்று; கட்டடங்கள் சாய்ந்து புதைந்தன. இவ்வழிவைக் கண்டோர் பூகம்பத்தின் மூலம் அங்கேயே உள்ளதெனக் கருதினர். பிற்காலத்தில் அதிர்வலைப் பதிவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, மேல்மையம் கிழக்கு நேபாளத்தில், எவரெஸ்ட் சிகரத்திற்குத் தெற்கே இருந்ததெனத் தெரிந்தது. மதுபனியிலிருந்து அவ்விடம் 150 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

ஆகவே, களப்பணியாளர் தம் அறிக்கையில் மேல்மையத்தையும் கடுஞ்சேதம் நேர்ந்த பகுதியையும் தனித்தனியே குறித்தல் வேண்டும். மேல்மையம் தொலைவில் உள்ளதென்ற காரணத்தால் ஓர் ஊரைப் பார்வையிடாது விடலாகாது. உதவி மிகுதியும் வேண்டப்படுவது அவ்வூராகவே இருக்கலாம். ஆசிரியர்கள் இச்சொல்லைக் கற்பிக்கும்போது, அது முறிவு தொடங்கிய இடத்தைக் காட்டுவதேயன்றி, அழிவின் எல்லையைக் காட்டுவதன்று என்பதை மாணவர் மனத்திற் பதியச் செய்வார்களாக.