மினுக்கம் பார்த்து ஏமாறாதீர்கள்: வெளிச்சுவருக்கு எந்தப் பெயின்ற்?

கிளிநொச்சி மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். 2009 இல் அவருடைய கணவர் காணாமற்போனார். முகாம் வாழ்க்கை முடிந்து 2010 இல் இரண்டு பெண் பிள்ளைகளோடு சொந்தக் காணிக்குத் திரும்பினார். முதலில் தறப்பாள் கொட்டில், பிறகு தகரக் கொட்டில், அதன் பிறகு வீட்டுத்திட்டத்தில் ஒரு கல்வீடு. சுவர் எழும்பியது, கூரையும் வந்தது. வெளிப்பக்கம் மட்டும் பல வருடங்களாகப் பூசாத கல்லாகவே நின்றது.

கச்சான் விற்ற காசும் சீட்டுக் காசும் ஒன்றாகக் கைக்கு வந்த ஒரு வருடம், வெளிச்சுவரைப் பூசுவித்தார். இரண்டு கிழமையில் நீல நிறப் பெயின்றும் அடித்து, தீபாவளிக்கு முன் வேலையை முடித்தார். தைப்பொங்கல் கழிந்து நான் போனபோது சுவர் முழுவதும் கொப்புளம். விரல் பட்ட இடமெல்லாம் தோல் தோலாக உரிந்து விழுந்தது.

"மினுங்கிற பெயின்ற்தான் மழைக்கு நல்லம் எண்டு கடையில சொன்னவை, மிஸ். அதுதான் விலை கூடினதையே வாங்கினன்" என்றார்.

உண்மையைச் சொன்னால், அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. சமூகவியல் படித்த எனக்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும்? 'இத்தனை கஷ்டத்தில் பெயின்ற் அவசியமா?' என்றுகூட மனதுக்குள் நினைத்தேன். அதை என் முகத்தில் கண்டாரோ என்னவோ, "எங்கட பழைய வீடும் நீலம்தான், மிஸ். அவர் வந்தால் றோட்டில நிண்டே வீட்டை அறியோணும்" என்றார்.

அதன் பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அனுபவமுள்ள மேசன்மாரிடமும் பெயின்ற் வேலை செய்பவர்களிடமும் கேட்டு அறிந்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்கிறேன், சகோதரிகளே.

மூன்று வகை மினுக்கம்

பெயின்றை நிறம் பார்த்து வாங்குகிறோம். ஆனால் நிறத்தைவிட முக்கியமானது அது எவ்வளவு மினுங்கும் என்பது. கடையில் இதை மூன்று பெயர்களில் சொல்வார்கள்.

'மற்' என்பது மினுக்கமில்லாதது. சுவரின் மேடு பள்ளங்களையும் ஒட்டுப்போட்ட இடங்களையும் வெளிக்காட்டாது. சுவரில் உள்ள ஈரம் ஆவியாக வெளியேறவும் பெரும்பாலும் இடம் கொடுக்கும். ஆனால் தூசியும் பாசியும் இலகுவில் பிடிக்கும், தேய்த்துக் கழுவுவது கடினம்.

'சில்க்' அல்லது 'ஷீன்' என்பது இளமினுக்கம். மழைநீர் வழிந்தோடும், ஊத்தையைத் துணியால் துடைக்கலாம். ஆனால் பூச்சு வேலை சீரில்லாவிட்டால் வெயில் படும்போது குறைகள் எல்லாம் தெரியும்.

'கிளொஸ்' என்பது முழு மினுக்கம். எண்ணெயில் கலந்த இனாமல் பெயின்ற் பெரும்பாலும் இந்த வகைதான். கதவு, ஜன்னல், இரும்புக் கேற் ஆகியவற்றுக்கு இதுவே பொருத்தம். புதுச் சீமெந்துச் சுவருக்கு இது கூடாது. சீமெந்தில் உள்ள காரம் எண்ணெயைக் கெடுத்துவிடும். உள்ளே நிற்கும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் பெயின்றைத் தள்ளிக்கொண்டு கொப்புளமாக வரும். அக்காவின் சுவருக்கு நடந்தது இதுதான்.

எனவே வெளிச்சுவருக்கு, தண்ணீரில் கலக்கும் 'எமல்சன்' வகையில், வெளிப்புறத்துக்கு என்று வாளியில் எழுதப்பட்டதைக் கேட்டு வாங்குங்கள். மேற்சுவர்களுக்கு மற் போதும். பிள்ளைகள் சாயும் விறாந்தைத் தூண்களுக்கும், மழையில் செம்மண் தெறிக்கும் கீழ் 2 அடிக்கும் இளமினுக்கம் நல்லது. அந்தக் கீழ்ப்பட்டிக்கு மண்நிறம் அடித்தால் கறை தெரியாது.

காசு குறைவென்றால் சுண்ணாம்பும் தாழ்ந்ததல்ல. அது சுவரை மூச்சுவிட வைக்கும். ஆனால் அடிக்கடி திருப்பி அடிக்க வேண்டும். பின்னர் எமல்சன் அடிப்பதானால் பொடியாக உதிரும் சுண்ணாம்பை முழுதாகச் சுரண்டி எடுக்க வேண்டும்.

பொறுமைதான் முதற் பூச்சு

புதிதாகப் பூசிய சுவரை ஒரு கிழமை தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். அதன்பின் குறைந்தது 4 கிழமை காயவிட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு. கைக்குட்டை அளவு பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் நாடாவால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் நீர்த்துளி கண்டால் இன்னும் பொறுக்க வேண்டும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் தண்ணீரால் கழுவாமல், காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிறகு சீமெந்தின் காரத்தைத் தாங்கும் பிறைமர் ஒரு தடவை, பெயின்ற் இரண்டு தடவை.

வடக்கில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாரி காலம். சோளகம் அடிக்கத் தொடங்கினால் புழுதி ஈரப் பெயின்றில் ஒட்டும். மாசியும் பங்குனியும்தான் உகந்தவை. வெயில் சுடும் சுவரில் அடிக்காமல் நிழல் விழுந்த பக்கமாக அடித்து வாருங்கள்.

எவ்வளவு வாங்குவது?

இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு ஏறத்தாழ 550 சதுர அடி. 25 அடி நீளம், 22 அடி அகலம் என்றால் சுற்றளவு 94 அடி. சுவர் 9 அடி உயரமானால் 846 சதுர அடி. கதவு, ஜன்னல்களைக் கழித்தால் சுமார் 750. இரண்டு தடவைக்கு 1500. ஒரு லீற்றர் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வரும் என்று வைத்தால் 15 லீற்றர் தேவை. சுவர் சொரசொரப்பாக இருந்தால் சற்றுக் கூடும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். அளவு தெரிந்து வரும் பெண்ணிடம் எவரும் வேண்டாததைத் தலையில் கட்ட முடியாது. எல்லா வாளியிலும் ஒரே தொகுதி இலக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் நிறம் மாறும்.

ஒரு எச்சரிக்கை. இலங்கையில் விற்கும் பெயின்றில் ஈயத்தின் அளவுக்கு 2013 முதல் கட்டுப்பாடு உண்டு. அதற்கு முந்திய பழைய கதவு, ஜன்னல்களின் பெயின்றில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். அவற்றைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். ஈரமாக்கித் தேயுங்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

இரண்டாம் தடவை

உரிந்த சுவரை அக்காவும் மூத்த மகளும் தாங்களே சுரண்டினார்கள். மினுங்கும் பெயின்ற் மிச்சம் இருந்தால் எமல்சன் ஒட்டாது என்பதால் ஒட்டியிருந்ததையும் விடவில்லை. கைகளில் காய்ப்பு. அடுத்த கச்சான் காசு வரும்வரை வீடு சொறி பிடித்ததுபோல நின்றது. ஊரார் ஒரு மாதிரிக் கதைத்தார்கள். தனித்திருக்கும் பெண் கை வைத்தது பிழைத்தால், ஊர் அதைப் பெரிதாகத்தான் பேசும்.

அடுத்த மாசியில் பொலித்தீன் ஒட்டிப் பார்த்து, பிறைமர் அடித்து, மங்கல் நீலம் அடித்தார்கள். இரண்டு மாரி கடந்துவிட்டது. வடபக்கத்தில் கொஞ்சம் பாசி, அவ்வளவுதான். நிறத்தின் இலக்கத்தை மகள் கதவின் பின்னால் எழுதி வைத்திருக்கிறாள்.

"மங்கினால் இதே நீலத்தைத்தான் திருப்பி அடிப்பன்" என்கிறார் அக்கா.

சகோதரிகளே, வீடு எங்கள் உழைப்பு. அதற்கு எது பொருந்தும் என்று கேட்டறிந்து தீர்மானிப்பதும் எங்கள் உரிமைதான்.