ஹூஸ்டன் ஊரார் நடத்தும் நாடகக் கம்பெனி

2017 ஆகஸ்ட் 25 இரவு ஹார்வி புயல் டெக்சாஸ் கரையைக் கடந்தது. அடுத்த நான்கு நாட்களில் ஹூஸ்டன் வட்டாரத்தின் சில பகுதிகளில் 40 அங்குலத்துக்கும் மேல் மழை கொட்டியது. ஊருக்கு நடுவே ஓடும் பஃபலோ பாயூ என்னும் நீரோடை கரை மீறி, நாடக அரங்குகளும் இசை அரங்குகளும் வரிசையாக நிற்கும் டவுன்டவுனுக்குள் புகுந்தது. அவற்றில் ஒன்றான ஆலி தியேட்டரின் கீழ்த்தளத்தில் இருந்த நியூஹாஸ் என்னும் சிறிய அரங்கம் மூழ்கிப்போனது. ஒப்பனை அறைகளும் மின் கருவிகள் இருந்த அறையும் தப்பவில்லை. பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த நாற்காலி, விளக்கு, தொலைபேசி, வாள், தேநீர்க் கோப்பை என்று 80,000-க்கும் மேற்பட்ட மேடைச் சாமான்கள் சேற்றோடு போயின.

புதிய நாடக ஆண்டு தொடங்கச் சில வாரங்களே இருந்தன.

அமெரிக்க நாடகம் என்றதும் நம்மில் பலருக்கு நியூயார்க்கின் பிராட்வே மட்டுமே நினைவுக்கு வரும். பிராட்வே ஒரு சந்தை. முதலீட்டாளர் பணம் போடுவார், அரங்கம் வாடகைக்குக் கிடைக்கும், வசூல் இருக்கும்வரை ஒரே நாடகம் ஓடும். நியூயார்க்குக்கு வெளியே அமெரிக்காவின் பெருநகரங்களில் நாடகம் வேறு விதமாக நடக்கிறது. அங்கே லாப நோக்கில்லாத ஒரு நிறுவனம் சொந்த அரங்கத்தில், சொந்தப் பட்டறையில் செட் அமைத்து, உடை தைத்து, ஆண்டுக்குப் பல நாடகங்களைத் தானே தயாரித்து மேடையேற்றும். வட்டார நாடக அரங்கு என்று இதைச் சொல்லலாம். பார்வையாளர்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே சந்தா கட்டி, எல்லா நாடகங்களுக்கும் இருக்கையைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். சென்னை சபாக்களில் மெம்பராகி மாதா மாதம் நாடகம் பார்த்த தலைமுறைக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

ஆலியும் அப்படிப்பட்ட ஒரு வட்டார அரங்குதான். நடிகர்களைப் பொறுத்தவரை அதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. பெரும்பாலான வட்டார அரங்குகள் நாடகத்துக்கு நாடகம் ஆள் எடுக்கின்றன. ஆலியிலோ நிரந்தர நடிகர் குழு இருக்கிறது. அக்டோபரில் கொலைகாரராக வந்தவர் டிசம்பரில் பேயாகவும் பிப்ரவரியில் தகப்பனாகவும் வருவார். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபாவும், 1925 முதல் 1950 வரை ஊர் ஊராகச் சுற்றிய டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனியும் இந்த வகைதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. நம் கம்பெனிகள் பார்வையாளர்களைத் தேடி ஊர் மாறின. ஆலி ஒரே ஊரில் உட்கார்ந்து, அந்த ஊரையே பார்வையாளராக்கியது.

ஆலியைத் தொடங்கியவர் நீனா வான்ஸ், பள்ளியில் நாடகம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை. ஹூஸ்டனில் அவரோடு நாடகத்தில் பழகிய மார்கோ ஜோன்ஸ், 1947-இல் டல்லாஸ் நகரில் பார்வையாளர்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்கும் வட்ட அரங்கில் லாப நோக்கற்ற தொழில்முறை நாடகக் குழுவைத் தொடங்கினார். வட்டார நாடக இயக்கத்துக்குத் தாய் வீடு அதுதான். அதே 1947 அக்டோபரில் நீனா வான்ஸ் கையிலிருந்த 2 டாலர் 14 சென்ட்டுக்கு, சென்ட் ஒன்றுக்கு ஒன்றாக 214 தபால் அட்டைகள் வாங்கினார். ஹூஸ்டனுக்குப் புதிய நாடக அரங்கு வேண்டுமா, வேண்டுமென்றால் நண்பரோடு கூட்டத்துக்கு வாருங்கள் என்று எழுதி அனுப்பினார். நூறு பேருக்கு மேல் வந்தார்கள். மெயின் தெருவில் ஒரு நடனப் பள்ளிக் கூடத்தில், சுமார் 87 இருக்கைகளோடு முதல் நாடகம் நவம்பரில் அரங்கேறியது. சந்து போன்ற நடைபாதை வழியாக உள்ளே போக வேண்டியிருந்ததால் ஆலி என்று பெயர் வந்தது.

1949-இல் குழு ஒரு பழைய மின்விசிறித் தொழிற்சாலைக்கு மாறியது. 1954-இல் முழுத் தொழில்முறை அரங்கானது. 1962-இல் ஃபோர்டு அறக்கட்டளை 20 லட்சம் டாலருக்கும் மேல் நிதி அறிவித்தது. ஊர் தன் பங்கைத் திரட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஹூஸ்டன் மக்கள் 9 லட்சம் டாலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். 1968-இல் டவுன்டவுனில் இப்போதைய கட்டடம் திறந்தது. 1996-இல் சிறந்த வட்டார அரங்குக்கான டோனி விருது வந்தது.

இந்தப் பின்னணியோடுதான் 2017-18 நாடக ஆண்டைப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டின் முக்கியமான புதிய நாடகம் ராஜீவ் ஜோசப் எழுதிய ‘டிஸ்கிரைப் த நைட்’. கேரளத்திலிருந்து வந்த தந்தைக்கு கிளீவ்லாந்தில் பிறந்த ஜோசப், ஆலி தொடர்ந்து ஊக்குவித்த எழுத்தாளர். அவருடைய ‘க்ரூசம் பிளேகிரவுண்ட் இன்ஜுரீஸ்’ 2009-இல் இங்கேதான் முதன்முதலாக மேடையேறியது. புதிய நாடகத்தின் கதை ரஷ்ய எழுத்தாளர் ஐசக் பாபேலின் நாட்குறிப்பில் தொடங்கி, 2010-இல் போலந்து அதிபர் பலியான ஸ்மோலென்ஸ்க் விமான விபத்து வரை தொண்ணூறு ஆண்டுகளைத் தாண்டுகிறது. அரசாங்கம் சொல்லும் பொய் எப்படி வரலாறாகிறது என்பதே அதன் விஷயம். ஒத்திகை பார்த்த நாடகத்துக்கு வெள்ளத்தால் அரங்கம் இல்லை. ஹூஸ்டன் பல்கலைக்கழகம் தன் வளாகத்து அரங்கைக் கொடுத்தது. 4 கோடியே 65 லட்சம் டாலர் செலவில் கட்டடத்தைப் புதுப்பித்த 2014-15-லும் ஆலி அதே வளாகத்தில்தான் நாடகம் போட்டிருந்தது. பழகிய வாசல் மறுபடியும் திறந்தது. செப்டம்பரில் நாடகம் அரங்கேறியது. டிசம்பரில் நியூயார்க்குக்குப் போய், அடுத்த ஆண்டு சிறந்த புதிய அமெரிக்க நாடகத்துக்கான ஓபி விருதும் வாங்கியது.

பக்கத்து அரங்குகளின் கதையும் இதே போன்றதுதான். வொர்த்தம் அரங்கில் வெள்ளம் புகுந்ததால் ஹூஸ்டன் கிராண்ட் ஓபரா, ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் தற்காலிக மேடை அமைத்தது. சில வாரங்களுக்கு முன் வீடிழந்த ஆயிரக்கணக்கானோர் கட்டில் போட்டுப் படுத்திருந்த அதே கட்டடம் அது. ஹூஸ்டன் பாலே தன் கிறிஸ்துமஸ் நடனமான ‘நட்கிராக்கரை’ அருகே உள்ள சுகர்லேண்டுக்கு எடுத்துச் சென்றது.

ஆலியில் முதலில் சரிசெய்யப்பட்டது பெரிய அரங்கமான ஹப்பர்ட். நவம்பர் கடைசியில் டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கரோல்’ நாடகத்தோடு அது மறுபடி திறந்தது. கஞ்சன் ஸ்க்ரூஜ் மூன்று ஆவிகளைப் பார்த்துத் திருந்தும் இந்தக் கதையைப் பல அமெரிக்க வட்டார அரங்குகள் ஆண்டுதோறும் போடுகின்றன. குடும்பம் குடும்பமாக வருவார்கள், பள்ளிப் பிள்ளைகள் பேருந்தில் வந்து இறங்குவார்கள். பல குழந்தைகள் வாழ்க்கையில் பார்க்கும் முதல் நாடகம் இதுதான். புது எழுத்தாளரின் நாடகத்தில் ஏற்படும் நஷ்டத்தை இந்த டிசம்பர் வசூலும் கோடைக் காலத்து அகதா கிறிஸ்டி மர்ம நாடகங்களும் ஈடுகட்டும். டிசம்பரைத் தவறவிட்டால் ஆண்டுக் கணக்கே சாய்ந்துவிடும். அந்த நாடக ஆண்டில் வரவிருந்த இன்னொரு நாடகமான, புலிட்சர் விருது பெற்ற லாரன்ஸ் ரைட் எழுதிய ‘கிளியோ’ புயலால் தள்ளிப்போய், 2018 வசந்தத்தில் மேடையேறியது.

டிக்கெட் விற்பனை மட்டும் இத்தகைய அரங்குகளைக் காப்பாற்றாது. செலவில் ஏறத்தாழ பாதியை நன்கொடையும் மானியமும்தான் சுமக்கின்றன. ஊரில் பலருக்கு இது தங்கள் அரங்கம் என்ற எண்ணம் வராவிட்டால் பணம் வராது. ஆகவே மேடைக்கு வெளியே நடப்பதும் தொழிலின் ஒரு பகுதி. ஆலியின் நாடகப் பயிற்சியாளர்கள் பள்ளிகளுக்குப் போய் வகுப்பெடுக்கிறார்கள். கோடையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடக்கிறது. ‘ஆலி ஆல் நியூ’ விழாவில், இன்னும் முடியாத நாடகங்களை நடிகர்கள் கையில் பிரதியோடு வாசிக்கிறார்கள். கட்டணம் இல்லை. பார்வையாளர்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே நெளிந்தார்கள் என்று குறித்துக்கொண்டு எழுத்தாளர் திருத்துவார். ஊரில் பத்தில் நான்கு பேருக்கு மேல் லத்தீன் அமெரிக்கப் பின்புலம் கொண்டவர்கள் என்பதால், அவர்களின் புதிய எழுத்துக்கு ‘எல் சோகலோ’ என்று தனி ஏற்பாடும் உண்டு.

இங்குதான் ஹூஸ்டன் தமிழருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அருகே உள்ள பேர்லேண்டில் மீனாட்சியம்மன் கோயில் எழுப்பியவர்கள், பாரதி கலை மன்றம் நடத்துபவர்கள், பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு நிதி திரட்டியவர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். பொங்கல் விழா மேடையில் நாடகம் போட வார இறுதி முழுவதும் ஒத்திகை பார்ப்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் டவுன்டவுன் அரங்கங்களின் சந்தாப் பட்டியலில், நன்கொடையாளர் பட்டியலில், வாசிப்பு விழாவுக்கு எழுதுவோர் வரிசையில் எத்தனை தமிழ்ப் பெயர்கள்? தெற்காசியக் கதைகள் மேடைக்கு வர வேண்டும் என்று விரும்பினால், முதலில் அந்த வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

2020 மார்ச்சில் கொரோனா ஆலியை மறுபடி மூடியது. இந்த முறை பல்கலைக்கழக அரங்கும் உதவ முடியவில்லை, எல்லாமே பூட்டிக் கிடந்தன. 2021 அக்டோபரில், கலை இயக்குநர் ராப் மெல்ரோஸ் இயக்கத்தில் லின் நாட்டேஜின் ‘ஸ்வெட்’ நாடகத்தோடு ஹப்பர்ட் திறந்தது. பென்சில்வேனியாவின் ரெடிங் நகரில் ஆலை வேலையை இழக்கும் தொழிலாளர்களின் கதை அது. அதன் பிறகு பழைய வழக்கம் திரும்பியது: அடுத்த ஆண்டின் நாடகப் பட்டியலை முன்கூட்டியே அறிவிப்பது, பழைய சந்தாதாரர்களை இருக்கை புதுப்பிக்கக் கேட்பது, கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் புது சாமான்கள் செய்வது.