குளிர்கால உறக்கம் பாதியில் கலைந்தால் முள்ளெலிக்கு என்ன ஆகும்?

பிரிட்டன் தோட்டங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை உறங்கும் முள்ளெலிகள், குளிர்காலத்தின் நடுவே வெப்பம் கூடினால் விழித்துவிடுகின்றன. சுமார் 10 டிகிரிக்குத் தாழ்ந்த உடல் வெப்பத்தை மீண்டும் 35 டிகிரிக்கு உயர்த்துவதில் சேமித்த கொழுப்பு கரைகிறது. வெளியே வந்தாலோ இரைக்குப் பூச்சிகள் அரிது.

சித்தூர், திருப்பதியில் அத்தகைய கடுங்குளிர் இல்லை. 1851-இல் தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு விவரித்த தென்னிந்திய முள்ளெலி, ஆந்திரம், தமிழகம், கேரளத்தின் வறண்ட நிலங்களில் வாழ்கிறது. இரையோ நீரோ அருகினால் மட்டும் அது மந்தநிலையில் முடங்கும். பலர் இதை முள்ளம்பன்றிக் குட்டி என்றே எண்ணுகின்றனர். முள்ளம்பன்றி கொறித்துண்ணி, இது பூச்சியுண்ணி.

இங்கு இதற்கு ஆபத்து குளிரன்று. இரவில் விரையும் வாகனங்களும், முள்ளைச் சுட்டு இருமலுக்கு மருந்தாக்கும் வழக்கமும்தான். சுருண்டு கிடந்தால் இறந்ததாகக் கருதக் கூடாது. பாலும் ஊற்றக் கூடாது, அதற்குச் செரிக்காது.