கண்ணுக்கும் உண்டு கடப்படி

'அம்மணம்' என்னும் சொல்லின் பிறப்பைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். திசைகளையே ஆடையாகக் கொண்ட திகம்பரத் துறவிகளை நம் முன்னோர் அமணர் என்று அழைத்தனர். அமணரின் கோலம் நாளடைவில் அம்மணமாயிற்று என்பர் சொல்லாராய்ச்சியாளர். 'நிர்வாணம்' இதனினும் வியப்புடையது. பௌத்தர்க்கு அது அவா அவிந்த பெருநிலை. நமது பேச்சு வழக்கிலோ அரையில் துணியில்லாத நிலை. துறவின் உச்சியைச் சுட்டிய இரு சொற்கள், முற்றத்திலே விளையாடும் குழந்தையை அதட்டுவதற்குரிய சொற்களாக இறங்கிவிட்டன. ஆடையின்மையைப் பற்றி ஒரே மொழி பேசும் மக்கள் எத்துணை வேறுபட எண்ணியிருக்கிறார்கள் என்பதை இவ்விரு சொற்களே காட்டும்.

இம்முன்னுரை எதற்கெனின், அண்மையில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமுள்ள ஒருவகை உல்லாச விடுதிகளின் விதிமுறைகளை வாசிக்க நேர்ந்தது. வயது வந்தோர் மட்டுமே சென்று தங்கும் விடுதிகள் அவை. உடுப்பதும் உடாதிருப்பதும் அங்கே விருந்தினரின் விருப்பம். கல்முனையிலிருந்து ஒரு தமிழாசிரியன் எழுதத் தகுந்த பொருள்தானா இது என்று சிலர் புருவத்தை நெரிப்பர் என்பதை அறிவேன். அவ்வாழ்க்கை முறையை நான் மெச்சவில்லை. எனது மார்க்கமும் நான் பிறந்து வளர்ந்த ஊரும் அதற்கு இடந்தருவன அல்ல. இலங்கைக் கடற்கரைகளில் சட்டமும் அதற்கு இடந்தரவில்லை. ஆயினும் அவ்விதிகளுள் ஒன்று என்னை நிறுத்தி வைத்தது. உடையைக் குறித்து அவ்வளவு தளர்வாயிருக்கும் அவ்விடுதிகள், கமராவைக் குறித்து நம்மூர்ப் பள்ளிவாசல்களையும் கோயில்களையும் விடக் கண்டிப்பாயிருக்கின்றன.

சில இடங்களில் வரவேற்பு மேசையிலேயே கைபேசியின் கண்ணின்மீது ஒரு சிறு ஒட்டுத்தாளை ஒட்டிவிடுகிறார்கள். வேறு சிலவற்றில், நீச்சற் குளத்தருகிலும் கடற்கரையிலும் அக்கருவியை வெளியே எடுப்பதே குற்றம்; தன் அறைக்குள்ளே மட்டும் வைத்துக்கொள்ளலாம். இன்னும் சிலவற்றில் படமெடுக்கத் தடையில்லை, ஆனால் படத்துள் விழக்கூடிய ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே கேட்டாக வேண்டும். தூரத்தே முதுகு மட்டும் தெரிகின்றவரும் அக்கணக்கில் அடங்குவர். மீறியவர் அன்றே மூட்டையைக் கட்டவேண்டியதுதான். உற்றுப் பார்த்தலும் விலக்கப்பட்டதே. இடுபெயரைக் கூறி அறிமுகமாகிக்கொள்கிறார்கள். குடும்பப் பெயரையோ தொழிலையோ துருவுவதில்லை. அங்கு யாரைக் கண்டோம் என்பதை ஊருக்குத் திரும்பி உரைத்தலும் முறையன்று. வந்து தங்குவோருள் ஆசிரியர் இருப்பர், நீதிபதி இருப்பர், தாதி இருப்பர். ஒரேயொரு படம் வெளியே சென்றால் பிழைப்பே போய்விடும்.

இவ்வச்சம் இன்று நேற்று எழுந்ததன்று. இவ்வகையான கழகங்களுள் உலகிலேயே முதலாவது என்று சொல்லப்படுவது தோன்றியது நமக்கு அயலிலேதான். 1891ஆம் ஆண்டு பம்பாய் மாகாணத்துத் தானா நகரில் நீதிபதியாயிருந்த சாள்ஸ் எட்வர்ட் கோர்டன் குரோஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் அதனைத் தொடங்கினார். அதன் உறுப்பினர் தொகை மூன்று! நீதியாசனத்தில் அமர்ந்து சாட்சிகளை விசாரித்த ஒருவர், தமது கழகத்தைப் பற்றி மனந்திறந்தது எட்வர்ட் காப்பென்டர் என்னும் எழுத்தாளருக்கு வரைந்த கடிதங்களிலேதான். அக்கழகம் நெடுநாள் நிலைக்கவில்லை. அதன் ஆங்கிலப் பெயரில் 'நம்பிக்கை' என்னும் பொருள் தரும் ஒரு சொல் இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். பின்னர் ஜெர்மனியிலும் பிரான்சிலும் இவ்வியக்கம் பரவியது. 1953இல் ஒரு சர்வதேச சம்மேளனமும் அமைந்தது. 1974இல் பிரான்சின் ஆக்டே என்னுமிடத்தில் கூடிய அச்சம்மேளனம் தன் கொள்கையை வரையறுத்தபோது, தன்னை மதித்தலும் பிறரை மதித்தலும் அவ்வரையறையுள் இடம்பெற்றன.

இதனை வகுப்பிலே பேச இயலாது. எங்கள் இலக்கிய வட்டத்திலே, வளர்ந்த மாணவர் சிலர் சூழ்ந்திருந்த ஒரு மாலையில் சொன்னேன். உடனே ஒருவர் கேட்டார்: "எல்லாத்தையும் கழட்டி வச்சவனுக்கு மறைக்கிறதுக்கு என்ன இருக்கு சேர்?"

கேள்வி கூர்மையானது. ஆனால் அதற்கு விடை நம்மூர்க் கிணற்றடியிலேயே இருந்தது. முன்பெல்லாம் பெண்கள் குறுக்குக்கட்டோடு கிணற்றடியிலும் குளக்கட்டிலும் குளிப்பார்கள். சுற்றிலும் சுவர் இல்லை. கிடுகு வேலி இருந்தாலும் அதிலே பாதி இற்றுப் போயிருக்கும். அவ்வழியே வரும் ஆடவன் தூரத்திலேயே செருமுவான். அல்லது வேறு பாதையால் போவான். அப்பெண்களுக்கு மறைவைத் தந்தது வேலியன்று, வழிப்போக்கனின் செருமல்தான். நமது பகுதியில் வளவின் வாயிலைக் கடப்படி என்போம். கடப்படியில் நின்று குரல்கொடுத்து, உள்ளிருந்து மறுமொழி வந்த பின்னரே காலெடுத்து வைப்பது வழக்கம். கதவு திறந்து கிடக்கின்றது என்பது உள்ளே வா என்பதாகாது. குறுக்குக்கட்டோடு நின்றவள் கிணற்றடிக்கு வந்த ஏனைய பெண்களுக்குத் தன்னை மறைக்கவில்லை. வைத்தியருக்கு முன்னும் நாம் மறைப்பதில்லை. யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியலாகாது என்று தீர்மானிக்கும் உரிமை மட்டும் ஆடையோடு கழன்று விழுவதில்லை. கமரா செய்வது அந்த உரிமையைப் பறிப்பதே. பத்துப்பேர் கண்டு மறந்ததைப் பதினாயிரம் பேர் காணும்படி அது ஆக்கிவிடுகின்றது.

தென்கொரியாவில் 2004 முதல் கைபேசிகள் படமெடுக்கும்போது ஓசை எழுப்பியே ஆகவேண்டும் என்றொரு நியமம் வகுத்தார்கள். இயந்திரத்துக்குச் செருமக் கற்பித்தார்கள் எனலாம். ஆயினும் அந்நாட்டிலேயே 2018இல் ஒளிவுக் கமராக்களை எதிர்த்துப் பெண்கள் பல்லாயிரவராய்த் தெருவில் இறங்க நேர்ந்தது.

பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி பெறுதலையும் ஸலாம் கூறுதலையும் திருமறையின் நூர் அத்தியாயம் விதிக்கின்றது. அனுமதி கேட்டல் விதிக்கப்பட்டதே பார்வையின் பொருட்டுத்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) விளக்கினார்கள். அதே அத்தியாயத்திலே, பார்வையைத் தாழ்த்துக என்னும் கட்டளை முதலில் ஆண்களுக்கும் அடுத்த வசனத்தில் பெண்களுக்கும் இடப்பட்டிருக்கின்றது. இந்த வரிசையை நமது மேடைப் பிரசங்கிகள் ஏனோ தலைகீழாக ஓதுகின்றனர்.

"தப்புச் செய்யிறவனையும் பார்க்கக் கூடாதா?" என்பது அம்மாணவரின் அடுத்த கேள்வி. கலீபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யாவில் எடுத்தாளும் நிகழ்ச்சி இதற்கு நேர் விடை. மதீனாவில் இரவு நகர்சோதனைக்குச் சென்ற கலீபா, ஒரு வீட்டினுள் ஒழுக்கக்கேடு நடப்பதையறிந்து மதிலேறி உள்ளே குதித்தார். அகப்பட்ட மனிதன் அஞ்சவில்லை. தான் செய்த பிழை ஒன்று, கலீபா செய்தவை மூன்று என்று எண்ணிக் காட்டினான்: பிறர் குறையைத் துருவியது, வாயிலை விட்டு மதிலால் வந்தது, அனுமதியும் ஸலாமும் இன்றி நுழைந்தது; மூன்றும் இறைமறை விலக்கியவை. உமர் அவனைத் தண்டியாது திரும்பினார். அவ்வீட்டில் நடந்தது பாவம் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. எனினும் அவனது பாவம் உமரின் கண்ணுக்கு உரிமைச்சீட்டு வழங்கவில்லை.

வள்ளுவரிடம் சென்றாலும் இதுவே. பிறர் மனையாளை நோக்காமையை அவர் ஆண்மைகளுள் பெரிதாக வைத்தார். கண்ணுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்து, அதற்குக் கண்ணோட்டம் என்று பெயரிட்டார். இன்று பத்திரிகைகளில் அச்சொல் 'அபிப்பிராயம்' என்ற அளவில் சுருங்கிவிட்டது. அவருக்கு அது இரக்கம். தன் கண் பட்டவரிடத்தில் மனம் இளகி ஓடுதல். அஃதில்லாத கண்ணை அவர் கண்ணென்றே மதிக்கவில்லை.

அந்தக் கண்ணோட்டம் அற்றுப்போன இடங்கள் நம் அயலிலே உண்டு. 1970களில் கோவாவின் அஞ்சுனாக் கடற்கரையில் ஹிப்பிகள் உடையின்றித் திரிந்தபோது, அவர்களைக் காண்பதற்கென்றே பம்பாயிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் கமராக்களுடன் கூட்டங்கூட்டமாகப் பயணிகள் வந்தனர். ஹிப்பிகளின் ஒழுக்கத்தைப் பழித்தவர்களே அப்படங்களைப் பத்திரமாய் வீட்டுக்குக் கொண்டுசென்றார்கள்! அந்தமானில் நடந்ததோ கொடுமை. ஜாரவா மக்கள் ஆடையைப் பெரிதும் அறியாதவர்கள். எந்த விடுதியிலும் பணங்கட்டித் தங்கியவர்களல்லர். தம் காட்டில் தம் முறைப்படி வாழ்பவர்கள். அக்காட்டை ஊடறுத்துச் செல்லும் பெருந்தெருவிலே, உல்லாசப் பயணிகளுக்காக அப்பெண்களை ஆடவைத்துப் பிடித்த படம் 2012இல் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டில் இந்திய அரசு பழங்குடிப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கியது.

இனி நமது கரைக்கு வருவோம். அறுகம்பைக்கு அலைச்சறுக்கு வீரர்கள் வரத் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாகின்றது. சித்திரை கழிந்ததும் பருவம் ஆரம்பிக்கும். புரட்டாதி வரையில் உல்லைக் கிராமம் வெளிநாட்டவரால் நிரம்பியிருக்கும். 2025ஆம் ஆண்டு அங்கே மேலாடையின்றி வீதியில் நடந்த வெளிநாட்டவர் ஒருவருக்குப் பொத்துவில் நீதவான் நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட தண்டனை விதித்தது. சட்டம் தன் கடமையைச் செய்தது. அதில் எனக்குக் கருத்து மாறுபாடில்லை. ஆனால் அந்நடையின் படம் கைபேசிகளில் ஓடிய ஓட்டம்! இப்படியும் நடக்கலாமா என்ற கண்டனக் குறிப்புடனேயே அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சென்றது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முதல் வரிசையில் அமர்பவர் ஒருவர் அதனை எனக்கும் அனுப்பிவைத்தார். ஒரு நாள் ஒரு வீதியில் நிகழ்ந்த ஆபாசத்தை ஓராயிரம் வீடுகளுக்குள் கொண்டு சென்றது யார் என்று அவரைக் கேட்டேன். அவர் இன்னும் மறுமொழி தரவில்லை.

2024இல் இயற்றப்பட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில், ஒருவர் அந்தரங்கமென நியாயமாகக் கருதும் படத்தை அவரைத் துன்புறுத்தும்படி பரப்புதல் குற்றமெனக் கூறும் பிரிவு உண்டு. அச்சட்டம் பேச்சுரிமையை நெரிப்பதாகக் கண்டனங்களும் பல எழுந்தன; அது தனி வழக்கு.

கமராவின் மறுபுறத்தில் நிற்பது என்னவென்பதையும் நமது கரையார் அறிவார்கள். மருதமுனை நெசவுக்குப் பேர்போன ஊர். தறியில் அமர்ந்திருக்கும் பெண்ணின் முகத்துக்கு நேரே, வேலிக்கு மேலாக, ஒரு சொல்லும் கேளாமல் கமராவை நீட்டும் பயணிகளைக் கண்டிருக்கிறேன். அப்பெண் முந்தானையை இழுத்து முகத்தை மூடுவாள். அந்த மூடலையும் படமெடுத்துக்கொண்டு போவார்கள்.

ஆனால் அதெல்லாம் சிறு வருத்தம். 2004 டிசம்பர் 26ஆம் திகதியை எண்ணுகின்றேன். இலங்கையிலேயே அதிக உயிர்களைக் கடலுக்குக் கொடுத்தது அம்பாறை மாவட்டம், பதினாயிரத்துக்கும் மேல். அலை உயிரை மட்டுமா கொண்டுபோயிற்று? உடுத்திருந்ததையும் உரிந்துகொண்டு போயிற்று. வாழ்நாளெல்லாம் தலை முக்காடு விலகாது நடந்த தாய்மார் மணலிலும் முள்வேலியிலும் கிடந்த கோலத்தை நான் எழுதப்போவதில்லை. தோளிற் கிடந்த துண்டையும் கொடியிற் கிடந்த சேலையையும் கொண்டோடி மூடியவர்களைக் கண்டேன். மூடுவதற்கு முன்னே படமெடுத்தவர்களையும் கண்டேன். உலகுக்குச் செய்தி போகவேண்டும் என்பதை மறுக்கமாட்டேன். செய்தியினாலன்றோ உதவியும் வந்தது. எனினும் துணி போர்த்திய பிறகு எடுத்த படமும் அதே செய்தியைச் சொல்லியிருக்கும்.

ஜனாஸாவைக் குளிப்பாட்டுவோர்க்கு மார்க்கம் ஒரு விதி வைத்திருக்கின்றது. மறைக்க வேண்டிய பாகத்தின்மேல் துணியிருக்கவே குளிப்பாட்ட வேண்டும். உடலிலே குறையேதும் கண்டால் அதனை வெளியே சொல்லலாகாது. கண்டதை மறைப்பவருக்கு நாற்பது முறை மன்னிப்பு உண்டென்பது நபிமொழி. ஐரோப்பிய விடுதியின் விதித்தாளில், இங்கு கண்டவரைப் பற்றி வெளியே பேசாதீர் என்ற வரியை வாசித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுவே. ஒன்று களிப்பின் இடம், மற்றது கபுறுக்குப் போகும் வழி. இரண்டையும் அருகருகே வைப்பது சிலருக்கு உறுத்தலாயிருக்கலாம். எனக்கும் சிறிது உறுத்தியது. ஆனால் காண நேர்ந்தவன் காணப்பட்டவனுக்குக் கடன்பட்டவன் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

உல்லையில் சிறியதொரு விடுதி நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் சென்ற மாதம் வந்தார். கடற்கரைப் பக்கமாக வைக்கவேண்டிய அறிவித்தற் பலகைக்குத் தமிழ் வாசகம் வேண்டுமாம். 'படமெடுத்தல் முற்றாகத் தடை' என்று தாமே எழுதியும் கொண்டுவந்திருந்தார். முற்றாகத் தடுத்தால் தன் பிள்ளையைத் தானே படம்பிடிக்கும் தகப்பனுக்கும் அது தடையாகும் என்றேன். மேலும், படமெடுத்தல் நாகபாம்பின் தொழிலுமாதலால் வாசகம் இருபொருள்படும் என்றும் இலக்கணம் பேசினேன்.

"பாம்பெண்டாலும் சீறிப்போட்டுத்தானே படமெடுக்கும் சேர். இவங்க அதுவும் இல்ல," என்றார் அவர்.

ஈற்றில், 'கேட்ட பின்பே படம் எடுக்கவும்' என்று ஒரு வரியும், 'வேண்டாம் என்றால் விட்டுவிடவும்' என்று அதன்கீழ் இன்னொரு வரியும் எழுதிக் கொடுத்தேன். பலகை எழுதுபவர் எழுத்துக் கணக்கில் கூலி கேட்கிறார், இரண்டாம் வரியை எடுத்துவிட்டால் என்ன என்றார். அதற்கு நான் இணங்கவில்லை. சிங்கள வாசகத்துக்கு அவர் இப்போது ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.