படுக்கை விரிப்பு பாவாடை ஆனது!

வீதியிலே ஒரு சீமாட்டி நடந்து வருகிறார். தரையைத் தொடும் நீண்ட பாவாடை. தோளிலே சால்வை. தாடைக்குக் கீழே நாடா கட்டிய தொப்பி. விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் இருந்து நேராக எழுந்து வந்தவர் போல் இருக்கிறார்!

கிட்டே போனால் குட்டு வெளிப்பட்டு விடும். அந்தப் பாவாடை, போன மாதம் வரை அவர் வீட்டுக் கட்டிலில் கிடந்த விரிப்பு!

இந்தக் காட்சி லண்டனில் அல்ல. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கால்வெஸ்டன் என்ற தீவு நகரத்தில். அங்கே "ஸ்டிராண்ட்" என்று ஒரு வீதி இருக்கிறது. லண்டன் மாநகரத்து வீதியின் பெயரையே இதற்கு வைத்தார்கள். 1900-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந்தேதி அந்தத் தீவைப் பெரும் புயல் தாக்கியது. 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஆனால், இந்த வீதியின் செங்கல் கட்டிடங்கள் பல தப்பி நின்றன. பிறகு கவனிப்பார் இல்லாமல் பாழடைந்தன. அந்தக் கட்டிடங்களைக் காப்பாற்ற, 1970-களில் ஒரு திருவிழாவைத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் மாதத் தொடக்கத்தில், கிறிஸ்துமசை ஒட்டி நடக்கிறது. பெயர், "ஸ்டிராண்டில் டிக்கன்ஸ்".

சார்லஸ் டிக்கன்ஸ் புகழ் பெற்ற ஆங்கில நாவலாசிரியர். ஸ்குரூஜ் என்ற கருமியின் மனம் மாறும் கதையை 1843-ல் எழுதியவர். அமெரிக்காவுக்கு இரண்டு முறை வந்திருக்கிறார். ஆனால் இந்தத் தீவில் கால் வைத்ததே இல்லை! அதனால் என்ன? அவர் பெயரால் கூட்டம் கூடுகிறது.

இந்த விழாவுக்கு டிக்கெட் உண்டு. அந்தக் காலத்து உடையில் வருவோருக்குக் கட்டணத்தில் சலுகையும் உண்டு. அதனால் வேடம் போடும் ஆசை பலருக்கு வருகிறது. ஆனால் தையல்காரரிடம் கொடுத்தால் ஒரு உடுப்புக்கே நூற்றுக்கணக்கான டாலர் கேட்பார். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் குடும்பத்தின் கதி என்ன ஆவது? சலுகையில் மிச்சமாவதைவிட உடுப்புக்குப் போவது பல மடங்கு ஆகிவிடும். அதனால்தான் வீட்டிலேயே ஊசியும் நூலும் எடுக்கிறார்கள்.

பாவாடைக் கணக்கு

அமெரிக்காவில் விற்கும் பெரிய கட்டில் விரிப்பு ஒன்று சுமார் 90 அங்குல அகலமும் 102 அங்குல நீளமும் இருக்கும். பழந்துணிக் கடையில் மலிவாகக் கிடைக்கும். நீளத்தில் இரு முனைகளில் இருந்தும் 45 அங்குலம் அளந்து வெட்டுகிறார்கள். இரண்டு துண்டுகள் கிடைத்தன. நடுவில் 12 அங்குலப் பட்டை மிச்சம். அது இடுப்புப் பட்டிக்கு ஆயிற்று.

இரண்டு துண்டுகளையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தால், சுற்றளவு 180 அங்குலம், அதாவது 5 கஜம்! விரிப்பின் முனைகளில் ஏற்கெனவே மடித்துத் தைத்திருக்கிறார்கள் அல்லவா? அந்த முனைகளைக் கீழே வைத்துக்கொண்டால் ஓரம் அடிக்கும் வேலையே இல்லை. உயரம் குறைவான பெண்கள் இடுப்புப் பக்கம் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம்.

அந்த 5 கஜத்தையும் இடுப்புக்குள் அடக்க வேண்டும். நம் பெண்கள் சேலைக்குக் கொசுவம் வைக்கிறார்களே, அதேபோல் சிறு சிறு மடிப்பாக வைத்துப் பட்டியில் பிடித்துவிடுகிறார்கள். ஒரு பக்கத் தையலில் மேலே 10 அங்குலம் தைக்காமல் விட்டால்தான் உடுத்த முடியும். அங்கே ஜிப் வைத்தால் வேடம் கலைந்து போகும். ஜிப் 20-ம் நூற்றாண்டுச் சரக்கு! கொக்கியோ நாடாவோ போதும்.

பாவாடை குடைபோல் விரிய வேண்டுமே என்று இரும்பு வளையக் கூண்டு வாங்கப் போகிறவர்கள் உண்டு. வீண் செலவு! அந்தக் கூண்டு 1856-ல்தான் வந்தது. ஸ்குரூஜ் கதை வெளியான 1843-ல் பெண்கள் உள்பாவாடைகளைத்தான் ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்தினார்கள். பழைய உள்பாவாடை இரண்டு மூன்று இருந்தால் காரியம் முடிந்தது.

கஷ்டமான வேலை ரவிக்கைதான். உடம்பை ஒட்டித் தைக்க நல்ல கை வேண்டும். புதிதாகத் தையல் பழகுகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம். கழுத்து வரை பொத்தான் உள்ள வெள்ளைச் சட்டையைப் போட்டு, மேலே பெரிய சால்வையைப் போர்த்தினால் குற்றம் குறை தெரியாது. சால்வையில் மாங்காய் உரு இருந்தால் இன்னும் விசேஷம். காஷ்மீர் சால்வைக்கு அந்நாளைய இங்கிலாந்தில் ஏக கிராக்கி. விலையோ யானை விலை. ஆகவே ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊர் நெசவாளர்கள் அதேபோல் நெய்து மலிவாக விற்றார்கள். இன்றும் நம் மாங்காய் உருவுக்கு ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயர்தான்!

ஆண்கள் பாடு சுலபம். பழைய கால்சட்டை, கையில்லாத உள்கோட்டு, கழுத்தில் சுற்ற ஒரு சதுரத் துணி. அதைவிடச் சிக்கனம் வேண்டுமா? நீண்ட இரவுச் சட்டையும் குல்லாவும் மாட்டி, கையில் ஒரு விளக்கைப் பிடித்தால் ஸ்குரூஜ் ஆகிவிடலாம்!

பழந்துணியே அசல்!

பழைய துணியில் தைத்தது என்று யாரும் கூச வேண்டியதில்லை. டிக்கன்ஸ் காலத்து லண்டன் ஏழைகள் புதுத்துணி கண்டது அபூர்வம். பணக்காரர் கழித்த கோட்டு வேலைக்காரனுக்குப் போகும். அங்கிருந்து பழந்துணிக் கடைக்குப் போகும். கடைசியில் கந்தல்காரன் கூடையில் போய்ச் சேரும். அப்படிப்பட்ட கடைகள் நிறைந்த மான்மத் வீதியைப் பற்றி டிக்கன்ஸே கட்டுரை எழுதியிருக்கிறார். அவரும் வறுமையை அறிந்தவர். 12 வயதில், தந்தை கடனுக்காகச் சிறையில் இருந்தபோது, காலணி மை தயாரிக்கும் இடத்தில் கூலி வேலை பார்த்தவர்.

பட்டு உடுத்திய சீமாட்டிகளுக்குத் தைத்துக் கொடுத்த பெண்களின் நிலையும் பரிதாபம். இரவெல்லாம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தைத்துக் கண்ணைக் கெடுத்துக் கொண்டார்கள்.

பையன்களுக்குப் புகைபோக்கி துடைப்பவன் வேடம் போடுகிறார்கள். கன்னத்தில் கரி, கையில் துடைப்பம். செலவே இல்லை, பிள்ளைகளுக்கும் ஒரே குஷி. அந்நாளில் அது விளையாட்டு அல்ல. சின்னஞ்சிறுவர்களை நிஜமாகவே குறுகிய புகைபோக்கிக்குள் ஏற்றினார்கள். உள்ளே மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறி இறந்தவர்கள் உண்டு. 1875-ல் வந்த சட்டம்தான் அந்தக் கொடுமையை ஒழித்தது.

நெருப்பு ஜாக்கிரதை!

அகலப் பாவாடைக்கு ஒரு பெரிய எதிரி உண்டு. அது நெருப்பு. விளிம்பு எங்கே உரசுகிறது என்று உடுத்தியவருக்கே தெரியாது. 1861-ல் அமெரிக்கக் கவிஞர் லாங்பெல்லோவின் மனைவி பேனியின் ஆடையில் தீப்பிடித்தது. கணவர் கம்பளத்தால் போர்த்தி அணைக்கப் பார்த்தார். அவருக்கும் காயம். மனைவி மறுநாள் இறந்து போனார்.

நைலான் போன்ற துணி உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியக்கூடியதுதான். ஆகவே எந்தத் துணியானாலும் அடுப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் விலகி நிற்க வேண்டும். ஸ்குரூஜ் கையில் பிடிப்பதும் பாட்டரி விளக்காக இருக்கட்டும்.

பெண் குழந்தைகளின் பாவாடைக்கு மட்டும் அந்தக் காலத்துத் தாய்மார்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். நீளமாக வெட்டி, கீழ்ப்புறத்தில் மூன்று நான்கு மடிப்புகள் வைத்துத் தைத்துவிடுவார்கள். பார்ப்பவர்களுக்கு அது அலங்காரம். பெண் வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவார்கள். கால்வெஸ்டன் தாய்மார்களும் அப்படியே தைத்து வைத்தால், அடுத்த டிசம்பரில் கத்தரிக்கோல் முனையால் ஒரு வரிசைத் தையலைப் பிரித்தால் போதும்.