கல்லுக்குள் அடைபட்ட வாயு

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் வீதியில் ஹுன்னஸ்கிரியவைச் சூழ்ந்து நிற்கும் மலைப்பாறையும், தெற்கே பலாங்கொடைப் பிரதேசத்தின் அடிப்பாறையும், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்து வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. அப்பாறை அரிபட்டு ஆற்றுவழி படிந்த பலாங்கொடைச் சரளையில், இரத்தினக்கல் தேடுவோர் கைக்கு, இரும்பைக் காட்டிலும் கனமான கரிய சிறு கனசதுரங்கள் அகப்பட்டன; இலங்கைக் கனிய ஆய்வின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமியின் காலத்தில், 1904 இல், அவை தோரியனைட் என்னும் புதிய கனியம் என்று நிர்ணயிக்கப்பட்டன.

இதன் ஒரு கிராமைச் சூடாக்கினால் சுமார் 9 கன சென்டிமீட்டர் ஹீலியம் வெளிப்படும். கல்லின் பருமனோ ஒரு கன சென்டிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. எதனுடனும் சேராத சடத்துவ வாயு இவ்வளவு எங்ஙனம் உள்ளே வந்தது? தோரியமும் யுரேனியமும் சிதையும்தோறும் வீசும் அல்பாத் துணிக்கைகள் ஹீலியம் அணுக்களாகி, ஸ்படிகத்தின் அணு அடுக்குகளிடையே வழியின்றித் தங்கிவிட்டன. இதே சிதைவுத் தொடரில் பிறக்கும் தோரன் என்னும் கதிர்த்தொழிற்பாட்டு வாயு, 56 விநாடி அரைவாழ்வுடையதாதலின், பெரும்பாலும் கல்லுக்குள்ளேயே பிறந்து கல்லுக்குள்ளேயே அழிகிறது. 1905 இல் லண்டனில், ராம்சேயின் ஆய்வுசாலையில், ஓட்டோ ஹான் ரேடியோதோரியம் என்னும் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டதும் இக்கனியத்திலிருந்து எடுத்த உப்பிலேதான்.

இயற்கை தற்செயலாய்ச் செய்ததை மனிதன் திட்டமிட்டுச் செய்தான். புகைப்படச் சுருளைக் கழுவ உதவும் ஹைட்ரோகுயினோனின் கரைசலை, வாயு அழுத்தத்தின் கீழ் ஸ்படிகமாகச் செய்தால், அதன் மூலக்கூறுகள் ஹைட்ரசன் பிணைப்பால் கோத்துக்கொண்டு, மூன்று மூலக்கூறுக்கு ஒன்றாய்க் கூண்டுகளை அமைக்கின்றன; ஆக்ஸ்போர்டில் பவல் 1948 இல் கிளாத்ரேட் என்று பெயரிட்ட சேர்மங்களுள் இதுவும் ஒன்று. ஆர்கனும் கிறிப்தனும் செனனும் அக்கூண்டில் அடங்கும். ஹீலியமோ மிகச் சிறிதாகையால் நழுவிவிடும். அணு உலைக் கழிவில் காணப்படும் கிறிப்தன்-85 ஐயும் இவ்வாறே திண்மமாக்கலாம். ஆயினும் ஸ்படிகம் நீரில் கரைந்தாலோ சூடேறினாலோ வாயு விடுபட்டுவிடும். ஆதலின் நெடுங்காலச் சேமிப்புக்கு, நுண்துளைகளுள்ள சியோலைட்டில் மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் வாயுவைப் புகுத்தித் துளைவாயை மூடிவிடும் முறையை ஆராய்ந்தனர்.

கிறிப்தன்-85 இன் அரைவாழ்வு ஏறத்தாழ 10.8 ஆண்டு; ஒரு நூற்றாண்டு கடந்தால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே எஞ்சும். ஆனால் சிதையும் ஒவ்வோர் அணுவும் ருபீடியமாக மாறுகிறது. எதனுடனும் எளிதில் சேராத வாயு, பலவற்றை அரிக்கவல்ல உலோகமாகிவிடுவதால், கூண்டை வகுப்போர் உள்ளே புகும் வாயுவை மட்டுமன்றி, அங்கே பின்னர் பிறக்கப்போகும் உலோகத்தையும் கணக்கிலெடுக்க வேண்டியவராகின்றனர்.