பைத்தானில் தமிழ் எழுத்துகளைக் கையாளுதல்

பைத்தானில் தமிழ் எழுத்துகளைக் கையாளுதல் என்பது பைத்தான் நிரல் மொழியில் தமிழ்ச் சொற்களைப் பிழையின்றி எண்ணவும், வெட்டவும், ஒப்பிடவும், வரிசைப்படுத்தவும் உதவும் முறைகளைக் குறிக்கும். 2008-இல் வெளியான பைத்தான் 3 முதல் எல்லாச் சரங்களும் ஒருங்குறியில் அமைந்துள்ளன. எனவே தமிழை நேரடியாகவே உள்ளிடலாம். ஆயினும் பைத்தான் எண்ணுவது ஒருங்குறிக் குறியீடுகளை. படிப்பவர் எண்ணுவது எழுத்துகளை. பல பிழைகள் இந்த வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

எண்ணுதலும் வெட்டுதலும்

"தமிழ்" என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. ஆனால் நீளம் காணும் 'லென்' செயற்கூறு 5 என்று விடை தரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்தும் தனித்தனிக் குறியீடுகள் என்பதே காரணம். அச்சொல்லைத் தலைகீழாகத் திருப்பினால் புள்ளி முதலில் தனியே நிற்கும். மகரத்தின் இகரக் குறி ழகரத்தோடு சேர்ந்துவிடும்.

இதனால் ஒருவரின் பெயரே சிதையலாம். "மீனாட்சிசுந்தரம்" என்பதில் 9 எழுத்துகள், 16 குறியீடுகள். பெயரை 10 குறியீடுகளோடு வெட்டும் நிரல் "மீனாட்சிசு" என்று மட்டுமே சேமிக்கும். 'ஓப்பன் தமிழ்' என்னும் கட்டற்ற நிரலகத்தை நிறுவி, அதிலுள்ள 'கெட் லெட்டர்ஸ்' செயற்கூற்றைப் பயன்படுத்தினால் சொல் முழு எழுத்துகளாகப் பிரிந்து கிடைக்கும். அந்தப் பட்டியலை எண்ணுவதும் வெட்டுவதும் பாதுகாப்பானது.

ஒப்பிடுதல்

"கொ" என்பதை ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரண்டைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பைத்தானுக்கு வெவ்வேறு. தேடுமுன் இரு சரங்களையும் 'யூனிகோட் டேட்டா' கூற்றின் 'நார்மலைஸ்' செயற்கூற்றால் ஒரே வடிவுக்கு மாற்ற வேண்டும்.

வரிசைப்படுத்துதல்

ஒருங்குறியில் ழகரம் வகரத்துக்கு முன் உள்ளது. அதனால் பைத்தானின் இயல்பான வரிசையில் "கழி" முதலிலும் "கவி" பின்னும் வரும். அகராதி முறை இதற்கு நேர்மாறானது. தமிழ் வரிசைப்படி சொற்களை ஒப்பிடும் செயற்கூறும் மேற்கண்ட நிரலகத்தில் உண்டு.

கோப்புகள்

கோப்பைத் திறக்கும்போது குறியாக்கம் யூ.டி.எஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுவது நல்லது. குறிப்பிடாவிட்டால் விண்டோசு கணினிகளில் வேறு குறியாக்கம் எடுத்துக்கொள்ளப்பட்டு, தமிழ் எழுத்துகள் சிதையவோ நிரல் பிழையுடன் நிற்கவோ கூடும்.